எஸ்தர் அக்கா திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது

அன்று திங்கட்கிழமை. ஒன்பதே முக்கால் ஆகியும் எஸ்தர் அக்கா ஆபீசுக்கு வரவில்லையே என்று எனக்கு எரிச்சல். சித்தூர் பஸ் எங்கே நின்று தொலைத்ததோ என்று திட்டிக்கொண்டே அவருக்குப் போன் போட்டேன். எடுத்தது அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன். "நேத்து ஆராதனை முடிஞ்சி ஊட்டுக்கு வந்து உக்காந்தா. அவ்ளோதாம்மா, போயிட்டா," என்றார். என் மண்டையில் ஏறவில்லை. "அப்போ இன்னைக்கு வரமாட்டாங்களா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்காவைச் சபையிலும் பஸ்ஸிலும் மட்டுமே பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் எங்களுடையது ஏழு பேர் வேலை செய்யும் சின்ன கேம் கம்பெனி. அக்கா முதலில் வரவேற்பு மேசைக்குத்தான் வந்தார். சும்மா இருக்கும் நேரத்தில் எங்கள் கேமை ஆடிப் பார்த்து, எங்கள் கண்ணில் படாத குறைகளை எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பிறகு சோதித்துப் பார்க்கும் வேலையே அவருடையதாகிவிட்டது. இறந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்று. நான் அரக்கோணத்துக்காரி, கதை எழுதுவது என் வேலை. சந்திரகிரிக் கோட்டைக்குள் சேதி கொண்டுபோகும் வேணி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மூன்று வருடமாக எழுதி வந்தேன். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து அவளுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு. சொந்த மகளுக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

இந்த வருடம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வேணியை எடுத்துவிடலாம், ஆடுகிறவர்களே முகம், உடம்பு, பெயர் எல்லாம் தேர்ந்து தங்களுக்கு வேண்டிய ஆளைச் செய்துகொள்ளட்டும் என்றார். முடியாது என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் இரண்டு விதமாகவும் கேமைச் செய்தோம். இரண்டையும் அதிகம் ஆடியவர் அக்காதான் என்பதால் முடிவை அவரிடமே விட்டுவிட்டார் முதலாளி. வெள்ளிக்கிழமை அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்துக் கேட்டேன். "திங்கக்கெழம சொல்றேன் தேனு. ரெண்டு நாளு யோசிக்க உடு," என்றார்.

என்ன சொல்லியிருப்பார்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது, "நானே ஒருத்திய செஞ்சேன்னா அவளும் என்ன மாதிரியே பஸ்சுக்கு ஓடிக்கினு இருப்பா. நீ எழுதின பொண்ணுன்னா எனக்குக் கொஞ்சம் லீவு," என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அந்த டீக்கு வடையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

அதே வாரத்தில் நேர்மாறாக ஒன்று நடந்தது. கதையில் ஓரிடத்தில், கோட்டை வாசலில் காவலர்கள் பிடித்து வைத்திருக்கும் தன் அப்பாவைக் காட்டி, இவர் யாரென்றே தெரியாது என்று வேணி சொல்வாள். பட்டனை அழுத்தினால்தான் அவள் வாய் திறப்பாள். அக்கா அழுத்த மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாடு வரை அந்தத் திரை அப்படியே நின்றது. "பொய் சொல்றது உன் வேணி. எழுதினது நீ. அமுக்கறது மட்டும் ஏன் என் கை?" என்று கேட்டார். இது கேம், சர்ச் இல்லை என்று நான் கத்திவிட்டேன். அவர் குறைப் பட்டியலில் எழுதினார்: 'நாயகி பொய் சொல்கிறாள். ஆடுபவருக்குத் தப்பிக்க வழி இல்லை.' ஆபீசே சிரித்தது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இன்னொரு குறையையும் விடாமல் மூன்று முறை எழுதினார். ஆடுகிறவர்களே ஆளைச் செய்யும் பக்கத்தில் புருவத்தில் வெட்டு வைக்க வழியில்லையாம். யார் கேட்டார்கள் இதை என்று புரோகிராமர் அலுத்துக்கொண்டார். தொல்லை தாங்காமல் கடைசியில் அதையும் சேர்த்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் சாமுவேல் அண்ணன் என்னைச் சித்தூருக்கு வரச் சொன்னார். அக்காவின் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். இருபத்தொரு வரி. வரிக்கு இரண்டு எண்கள், 37:14, 62:40 என்று நடுவில் முக்காற்புள்ளி வைத்து. கடைசி வரியில் வெறும் 1. அண்ணன் அவற்றை வசனங்கள் என்று நினைத்துவிட்டார். எந்தப் புத்தகம் என்று போடவில்லையே என்று பாஸ்டரோடு உட்கார்ந்து இரண்டு நாள் பைபிளைப் புரட்டியிருக்கிறார். "ஒரு எடத்துல பாத்தா துன்மார்க்கன்னு வருது. என்னியத்தான் அப்டி சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டார். இருபத்தாறு வருடம் கூடவே வாழ்ந்த மனிதர் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பொறி தட்டியது. ஆள் செய்யும் பக்கத்திலும் இருபத்தொரு வரி. நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு ஒன்று, இடம் ஒன்று. மறுநாள் காலை எண்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். யாரோ ஒரு நடுவயதுப் பெண். கன்னம் தளர்ந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, முன்தலை நரைத்து. யாரென்றே தெரியவில்லை. கடைசி வரியின் 1-ஐப் போட்டேன். இடது புருவத்தில் வெட்டு விழுந்தது. வேணி! நான் இருபத்திரண்டிலேயே நிறுத்தி வைத்தவளை அக்கா ஐம்பது வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

இதற்கு என்ன அர்த்தம்? என் வேணியே போதும் என்றா? அவரவர் செய்துகொள்ள இடம் வேண்டும் என்றா? முதலாளி அன்றே கேட்டார், அக்கா உன்னிடமாவது ஏதாவது சொன்னாரா என்று. வேணிதான் வேண்டும் என்றார் என ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருட உழைப்பு தப்பிக்கும். பொய் என்று காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. நுனி நாக்கு வரை வந்தது. அமுக்கறது மட்டும் ஏன் என் கை என்று அக்கா கேட்டது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை என்றேன். அப்படியானால் வரும் திங்கட்கிழமை நீயே சொல் என்றுவிட்டார். உங்களில் யாரிடமாவது அக்கா இதைப் பற்றிப் பேசியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

அண்ணனுக்குப் போன் செய்து, அது வசனம் இல்லை, துன்மார்க்கன் யாரும் இல்லை, ஒரு முகம், என் கதையில் வரும் பெண்ணுக்கு வயதாகியிருக்கிறது என்றேன்.

"அவளாச்சும் நல்லா கீறாளாம்மா?" என்றார்.

திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நல்லா இருக்காண்ணே என்றேன்.

தாள் அண்ணனிடம் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த முகம். பெயர் கொடுத்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்கிறது கேம். அக்கா பெயர் எதுவும் எழுதி வைக்கவில்லை. வேணி என்று அடித்துப் பார்த்தேன், அழித்தேன். எஸ்தர் என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கட்டம் காலியாக இருக்கிறது. நான் இன்னும் பட்டனை அழுத்தவில்லை.