கலாவதி சொன்ன பெயர்

கலாவதி தன் புருஷனின் பெயரை வாயால் சொன்னதேயில்லை. பாரிசுக்கு வந்து பிரெஞ்சு படித்தாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறிக் கடைக் கல்லாவில் நிற்கிறாள். முருங்கைக்காயை முறித்துப் பார்க்கிறவர்களை ஒரே பார்வையில் அடக்கிவிடுவாள். ஆனால் அவரைக் கூப்பிடுவதென்றால் ‘இஞ்சாருங்கோ’தான். விசா புதுப்பிக்கிற பிரெபெக்சர் அலுவலகத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால், அவருடைய அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு அடியால் தள்ளிவிடுவாள். மகள் நிரோஜினி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

தானே சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயரை வேறொருவர் மாற்றினால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் புருஷன் ஐங்கரன் முதன்முதல் வேலைக்குப் போன இத்தாலிய உணவகத்தில், சாப்பிட வருகிறவர்களுக்கு இத்தாலியப் பெயர்தான் பிடிக்கும் என்று முதலாளி அவரை ‘ஆஞ்சலோ’ ஆக்கிவிட்டார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மனிதரும் தலையாட்டிவிட்டார். பிறகு எந்த உணவகத்துக்கு மாறினாலும் அந்தப் பெயர் கூடவே போனது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து யாராவது ஆஞ்சலோவைக் கேட்டால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று கலாவதி வைத்துவிடுவாள். ஒரு தடவை அதனால் அவர் வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினார். அதற்காக அவள் கொஞ்சமும் வருந்தவில்லை.

2019இல் மரே பகுதியில் இத்தாலியர்களின் பெரிய உணவுச் சந்தை ஒன்று திறந்தார்கள். அங்கே பீட்சா அடுப்புக்கு ஐங்கரனை எடுத்தார்கள். இதுவரை அவர் வேலை செய்ததெல்லாம் நிலவறைச் சமையலறை; இது சனம் சுற்றி நின்று பார்க்கிற திறந்த அடுப்பு. கலாவதிக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு சங்கதியை மெல்ல அவிழ்த்தார். வேலைச் சட்டையில் பெயர் தைக்கப் போகிறார்களாம். எந்தப் பெயர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

“ஆஞ்சலோ எண்டே இருக்கட்டும். எல்லாருக்கும் பழகின பேர்தானே,” என்றார்.

கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலவறையில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலென்ன, யார் கண்டது? பாரிஸ் முழுக்கப் பார்க்கிற இடத்தில் நெஞ்சில் இன்னொருவன் பெயரா? ஆனாலும் சண்டை பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் லீவு கேட்டு, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, அதன்மேல் குளிர்க் கோட்டையும் மாட்டிக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே சந்தைக்குப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் திகைத்துத்தான் போனாள். மேலே பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. வண்டிச் சில்லு அளவில் பாற்கட்டிகள் அடுக்கியிருந்தன. எண்ணெய்க்கென்றே ஒரு பகுதி, கண் முன்னாலேயே மா உருட்டிப் பாஸ்தா வெட்டுகிற ஒரு பகுதி. தக்காளியிலேயே இத்தனை வகையா என்று நின்று பார்த்தாள். இறைச்சித் துண்டு ஒன்றைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லி ஒருவன் நீட்டினான். வெள்ளிக்கிழமையாயிற்றே, கைகூப்பி மறுத்தாள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டான். தங்கள் கடையைப்போலப் பத்துக் கடையை இதற்குள் வைக்கலாம் என்று கண்ணால் அளந்தாள். பொறாமை வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் தன் மனிசன் நிற்கிறார் என்ற நினைப்புத்தான் வந்தது.

நின்றார். வீட்டில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர்கூட வைக்காத மனிதர், மாவைத் தலைக்கு மேலே சுழற்றி எறிந்து பிடித்தார். பிள்ளைகள் கைதட்டின. சனம் போன் தூக்கிப் படம் எடுத்தது. கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரியைப் பிடித்து, இவர் என்னுடைய ஆள் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். அந்த நேரம் பார்த்துக் கூட வேலை செய்கிறவன் அவரைப் பார்த்து, ‘ஆஞ்சலோ, கெதியாக!’ என்று கத்தினான். வந்த பெருமையில் பாதி அங்கேயே வடிந்துபோனது.

கோபத்தோடு வரிசையில் நின்று, இறைச்சி இல்லாத பீட்சா ஒன்று கேட்டாள். தயாரானதும் எந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று கல்லாவில் நின்ற பெண் கேட்டாள். கலாவதி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இந்த இடத்தில் கேட்க வேண்டியது அவருடைய பெயரல்லவா? தள்ளிவிட இன்று அவருடைய அட்டையும் இல்லை.

“ஐங்கரன்,” என்றாள்.

காது இரண்டும் சுட்டன. அந்தப் பெண்ணுக்கோ விளங்கவில்லை. கலாவதி விடவில்லை. சொன்னதுதான் சொன்னோம் என்று, எழுத்து எழுத்தாக, முதல் தடவையைவிட உரக்கச் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சரியாகச் சொல்லும்வரை பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பெண் ஐங்கரன் என்று கூப்பிட்டாள். அடுப்பைப் பார்த்து நின்ற மனிதர், நீளப் பிடிக் கரண்டியும் கையுமாகச் சட்டென்று திரும்பினார். வேலைத்தலத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. உன்னை இல்லை ஆஞ்சலோ, இந்த அம்மாவைத்தான் என்று அந்தப் பெண் சிரித்தாள். அவர் கலாவதியைக் கண்டார். கோயில் சேலையையும் கண்டார். கரண்டியை வைத்துவிட்டார்.

“அது என்னுடைய பெயர்,” என்று அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் சொன்னார்.

பின்னேரம் இருவரும் மெட்ரோவில் சேர்ந்து திரும்பினார்கள். சட்டையில் அந்தப் பெயரையே தைக்கச் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். கலாவதி சேலைத் தலைப்பை இழுத்துக் கோட்டுக்குள் செருகினாள். முகத்தில் பூரிப்பை மறைக்கத்தான் முடியவில்லை. அவர் மெல்லச் சரிந்து, “இன்னொருக்காச் சொல்லும் பாப்பம்,” என்றார்.

அவள் கதவுக்கு மேலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, மார்க்ஸ் டோர்மோய் வந்திட்டுது. இறங்குங்கோ,” என்றாள்.