பலகைக்கல்லில் கழற்றி வைத்த பல்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், ஜவ்வாது மலையில் நடந்தது இது. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், அடிவாரத்துப் படவேட்டில் புளி மண்டி வைத்திருந்த தாய்மாமாவிடம் சேர்ந்திருந்தேன். மலைக்காரர்களின் புளியமரங்களைப் பூவிலேயே மாமா குத்தகை பேசிவிடுவார். காய் பழுத்ததும் மேலே போய்த் தங்கி, ஆள் வைத்து உலுக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது என் வேலை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, முதல் புளியை அவள் முன்னால் படைத்த பிறகுதான் மரத்தில் கோல் பட வேண்டும். அதுவரை கீழே உதிர்ந்ததைக்கூடப் பொறுக்க மாட்டார்கள். பொங்கலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. நனைந்தால் புளி கறுத்துவிடும். மாமாவின் முகம் அதைவிடக் கறுத்துவிடும். ஆட்கள் வர மறுத்ததால் நானே துரட்டிக் கோலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மரத்துக்குச் சொந்தக்காரர் அடியில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சாமை விதைக்கிற விவசாயி.

"கோலைக் கீழ வைங்க. பொங்கல் ஆவட்டும்."

"மானம் எப்படி இருட்டிக்கினு கீதுன்னு பார்த்தியா? குத்தகை எங்களுது. தள்ளுய்யா."

"காய்தாங்க உங்களுது. மரம் எங்களுது. இவ்ளோ படிச்சிருக்கீங்க, இது தெரியலியா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. துரட்டியின் அடிப்பக்கத்தால் அவர் வாயில் இடித்தேன். மேல்வரிசை முன்பற்கள் மூன்று போயின. துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். ஆனால் மரத்தடியை விட்டு நகரவில்லை. நான்தான் திரும்பி நடந்தேன். பார்த்தவர் யாரும் இல்லை.

அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மற்ற மரங்களில் எல்லாம் ஆள் ஏறியது. மாமா குத்தகை எடுத்த மரங்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அடிபட்டவரின் வாய்ப்புண் ஆறட்டும், அவர் பேசட்டும், அப்புறம் பஞ்சாயத்து என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வந்தது வருத்தம் அல்ல, பயம். போன பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வழக்கே இல்லை என்று கணக்குப் போட்டேன். வாய் கொஞ்சம் ஆறியதுமே அவரைப் பஸ் ஏற்றி, வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறுக்காமல் வந்தார். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

டாக்டர் பேச்சுப் பிரியர். அச்சு எடுத்துக்கொண்டே சொன்னார்: "வெளிநாட்டுல தாடை எலும்புலயே ஆணி மாதிரி ஒண்ணை நட்டு, அதுமேல பல்லு வெக்கிறாங்களாம். கழட்டவே முடியாது. நம்ம பக்கம் வர நாளாவும். இப்போதைக்குக் கழட்டி மாட்டறதுதான்."

"நட்டா தண்ணி வுடணுமா டாக்டரு?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கழட்டற மாதிரியே குடுங்க. அதான் எனக்கு வசதி" என்றார்.

புதுப் பல் வந்த பிறகு பஞ்சாயத்து கூடியது. அம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு பலகைக்கல். அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இன்னா நடந்துது? நீயே சொல்லு" என்றார் ஊர்க்கவுண்டர்.

"துரட்டி கை தவறிப் பட்டுடுச்சுங்க. ஆனாலும் நான் அப்படியே விட்டுட்டுப் போவல. வேலூருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பல்லு கட்டிக் குடுத்திருக்கேன். சிரிக்கச் சொல்லிப் பாருங்க."

சிரித்துக் காட்டினார். வரிசை அழகாகத்தான் இருந்தது.

"அட, கல்யாண மாப்ள மாரி கீறியே!" என்று ஒரு பெண் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் வாயில் விரலை விட்டார். பல்லைக் கழற்றித் துண்டில் துடைத்து, பலகைக்கல்லின் மேல் வைத்தார். சிரிப்பு நின்றது.

"பல்லு போனதுக்குப் பல்லு குடுத்துட்டாரு. அடிச்சதுக்கு இன்னா குடுத்தாரு?"

பேச்சோடு காற்றும் கலந்து வந்தது. ஆனாலும் கடைசியில் இருந்தவருக்கும் கேட்டது.

"உனக்கு இன்னாதான் வேணும்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அடிச்சேன்னு சொல்லட்டும். அந்த ஒரு வார்த்த போதும். சொல்லிட்டாருன்னா நானே ஏறி உலுக்கித் தர்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. படித்த நான் இவர்களிடமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதற்குத்தான் பணிந்தேன். "கை தவறித்தான் பட்டுது" என்றேன் மறுபடியும்.

ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. "சரி தம்பி. புளியும் கை தவறி விழும். பொறுக்கிக்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

பல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லி மரத்துக்காரரின் பின்னால் நடந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களே எடுத்துட்டுப் போங்க. மண்டியில மாட்டிக்கினு சிரிங்க" என்றார். நானும் அதை எடுக்கவில்லை. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. புளி மரத்திலேயே கறுத்தது. மாமா அதற்குப் பிறகு என்னை மலைக்கு அனுப்பவே இல்லை.

சில வருடம் கழித்து, படவேட்டில் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் அந்த மரத்துக்காரரைப் பார்த்தேன். மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் கையால் மறைப்பார் என்று நினைத்தேன். இன்னும் அகலமாகச் சிரித்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தில் ஒதுங்கியவன், எல்லாப் பல்லும் இருந்த நான்தான்.

ஒருவழியாகத் துணிந்து, சொல்லிவிடலாம் என்று நான் மலை ஏறியபோது அவர் இறந்து போயிருந்தார்.

இப்போது என் முன்பற்களும் விழுந்துவிட்டன. மகன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். தாடையில் ஆணி வைத்துப் பல் நடலாம், சொந்தப் பல் மாதிரியே இருக்கும், கழற்றவே வேண்டாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்கிறார்கள் வீட்டில். இருக்கட்டும். பேரன் கல்யாணப் போட்டோவிலும் இந்த ஓட்டை வாயோடுதான் நிற்பேன். யார் கேட்டாலும் கதையைச் சொல்வேன்.

அன்று துரட்டி கை தவறிப் படவில்லை. நான்தான் அடித்தேன். பல் இல்லாத வாயிலும் அந்த வார்த்தை தெளிவாகத்தான் வருகிறது. வாய் நிறையப் பல் இருந்த அன்று அதை அவருக்குக் கொடுக்காமல் போனதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.