பொக்கெட் இல்லாதவளின் பொக்கெட் டோர்ச்

என் சுடிதார்கள் எதிலும் பொக்கெட் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பொக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிய ஏற்ற டோர்ச் எது என்று தேடுவதிலேயே ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்தவள் நான்.

குண்டசாலையிலிருந்து கண்டியில் உள்ள என் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். வீடியோக்களில் எங்கோ குளிர்நாட்டு ஆண்கள் தங்கள் பொக்கெட்டுகளில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பிக் காட்டுவார்கள். மடக்குக் கத்தி, பேனா, டோர்ச். அவர்களுக்குத் தாடி இருந்தது, காடு இருந்தது. எனக்குக் காப்புறுதி அலுவலகத்தில் ஒரு மேசையும், தலைக்கு மேலே நாள் முழுவதும் எரியும் டியூப் லைட்டும் இருந்தன. இருந்தாலும் டோர்ச் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதுவும் புற ஊதா வெளிச்சம் வரும் டோர்ச்.

"எதுக்கு?" என்று அம்மா கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும்மா."

"கண்ணுக்குத் தெரியிற பாத்திரத்தையே நீ கழுவுறதில்ல."

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரர் மேசை லாச்சியை இழுத்து, உள்ளேயிருந்து சாவிக்கொத்து அளவுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். அமுக்கினால் ஊதா நிறம் கொட்டியது. "கள்ள நோட்டுப் பார்க்கிறதுக்கு எல்லாரும் இதத்தான் கொண்டு போற மகள். நல்ல சாமான்," என்றார். நான் விடவில்லை. இதன் அலைநீளம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து நானோமீட்டர் இருக்கும், முந்நூற்று அறுபத்தைந்து இருந்தால்தான் சரி, முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியும் வேண்டும், இல்லாவிட்டால் ஊதா வெளிச்சமே மற்றதையெல்லாம் மறைத்துவிடும் என்று அவருக்கு விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "மகள் எங்க படிப்பிக்கிற?" என்றார்.

கடைசியில் இணையத்தில்தான் வாங்கினேன். முதலில் வந்தது தடிப்பாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். அடுத்ததில் கிளிப் தளர்வு. மூன்றாவதுதான் என்னுடையது: விரல் நீளம், தட்டை உடம்பு, ஒருமுறை அமுக்கினால் வெள்ளை, அழுத்திப் பிடித்தால் புற ஊதா. பார்சல்களோடு வந்த அட்டைப்பெட்டியையும் அதற்குள் இருந்த கிழித்த வெள்ளைக் காகிதச் சுருள்களையும் எறியவில்லை. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் உதவும் என்று ஹாலில், சாமி அறைக்கு வெளியே நிற்கும் அலுமாரியின் அடியில் தள்ளி வைத்தேன். இது என் தொலைநோக்கு.

அந்த மழைக்காலத்தில்தான் சித்தி எங்களோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் தங்கை. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தனியா எதுக்குக் கெடக்கிற, வந்துரு," என்று அம்மா பல தடவை கூப்பிட்ட பிறகு, ஒரு பை நிறையச் சேலையும் ஒரு கூடையில் சாம்பல் நிறப் பூனையுமாக வந்தார். கூடைக்குள் பூனை இருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் அப்பா அதிகம் பேசமாட்டார். பூனையையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. சாம்பிராணி போட்டாலும் சாம்பிராணிக்குள்ளிருந்து வந்தது. சாமி அறை வாசலில் நின்று திருநீறு பூசும்போது அப்பா மூக்கைச் சுளிப்பதும், சித்தி அதைப் பார்ப்பதும், அம்மா இருவரையும் பார்ப்பதும் தினசரி நடப்பாயின.

"இனி ஒரு தடவ அந்தப் பூன உள்ளுக்கு மூத்திரம் பேஞ்சுச்சுன்னா, அத கலஹாவுக்கே அனுப்பிருவோம்," என்றார் அப்பா.

"அவன் வெளியதான் போறான் அத்தான். நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார் சித்தி. குரல் சின்னதாக இருந்தது.

நியாயமாக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் மத்தாப்பு. பூனை மூத்திரம் புற ஊதாவில் ஒளிரும் என்று எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறேன்! டோர்ச்சுக்கு வேலை கிடைத்துவிட்டது. "பொறுங்க, ஆதாரத்தோட பேசுவோம். சித்தி, ஒங்க பூன நிரபராதின்னு நான் நிரூபிக்கிறேன்," என்றேன். சித்தி நன்றியோடு என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பௌர்ணமிப் போயா தினம், அப்பாவின் கடைக்கு விடுமுறை. பட்டப்பகலில் ஹாலின் திரைகளை இழுத்து மூடி, இடுக்குகளில் பெட்சீட்டைச் சொருகி இருட்டாக்கினேன். எல்லோரையும் கதிரைகளில் உட்கார வைத்தேன். சித்தி மட்டும் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றார். முதலில் டோர்ச்சை அப்பாவின் பனியனில் அடித்தேன். சலவைத்தூளின் தயவில் அப்பா நீலமாக ஜொலித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு. "ஒங்கப்பா சாமி மாதிரி இருக்காருடி." அம்மாவின் பல்லும் ஜொலித்தது. அலுமாரிக்கு அடியில் என் காகிதச் சுருள்கள் வெள்ளை நீலமாகப் பளீரென்றன. "வெள்ளக் காகிதம் எல்லாமே இப்பிடித்தான், அத விடுங்க," என்று பேராசிரியை போலச் சொல்லிவிட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினேன்.

சிரிப்பு நின்றது.

சிவப்புச் சீமெந்துத் தரையில், பகலில் ஒன்றுமே தெரியாத இடங்களில், பச்சை கலந்த மஞ்சள் துளிகள் கிடந்தன. பூனை வெயில் காயும் ஜன்னலடி, தூங்கும் கதிரைக்குக் கீழே, சாமி அறை வாசல். அது எங்கெல்லாம் உட்காருமோ அங்கெல்லாம் துளித்துளியாக, சிதறிச் சிதறி.

"இவ்வளவு எடத்திலயா?" என்றார் அப்பா.

"நான் தொடச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்..." சித்தி பூனையின் முகத்தைப் பார்த்தார், பொய் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல. "லைட்டுல தெரியிதே. பெறகு என்ன பேச?"

நிரபராதி என்று நிரூபிக்கப் புறப்பட்ட நான் ஒரு நிமிடத்தில் அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டேன். போதாததற்கு, "அறிவியல்படி..." என்று ஒரு வசனத்தையும் தொடங்கினேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினார்.

சித்தி சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "கோவிச்சுக்கிட்டுச் சொல்றேன்னு நெனைக்காதீங்க அத்தான். அவன அனுப்பணும்னா நானும் போயிர்றேன். அவன் யாருக்கிட்டயும் நிக்கமாட்டான்," என்றார். அப்பா, "நான் ஒன்னப் போகச் சொல்லலியேம்மா," என்றார். சித்தி தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்ப் பையைத் திறந்தார்.

கொஞ்சம் பொறுத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். கட்டிலில் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. பூனை கூடையைக் கண்டவுடன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதாம். சித்தி தரையில் குனிந்து உள்ளே கையை நீட்டி, "வாடா, வாடா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். உதவலாம் என்று நானும் குனிந்து டோர்ச்சை அமுக்கினேன். எத்தனையோ இரவு ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தப் பொத்தானை அவசரத்தில் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளைக்குப் பதிலாகப் புற ஊதா வந்தது.

சித்தியின் விரல்கள் ஒளிர்ந்தன. நக இடுக்கிலும் ரேகைகளிலும் அதே பச்சை மஞ்சள்.

"சித்தி, கையில என்ன?"

"கையில என்ன? ஒண்ணுமில்லயே." திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளா இருக்கும். காலையில தெளிச்சேன்ல."

"எங்க தெளிச்சீங்க?"

"அவன் உக்கார்ற எடமெல்லாம். தெனமும் தெளிப்பேன். ஒங்கப்பா சாமி கும்பிடுற வீடு, சுத்தமா இருக்கணும்ல? நீங்க எந்திரிக்க முந்தியே மாவெலயால தெளிச்சிருவேன்."

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். மஞ்சள் புற ஊதாவில் ஒளிரும் என்பதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். தரையில் அதைக் கண்டதும் என் மூளை பூனையைத் தாண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. அந்தப் பூனை எங்கே உட்கார்ந்தாலும் பின்னாலேயே சித்தியின் மஞ்சள் தண்ணீர் போயிருக்கிறது. நான் அதைத் தேடிப் பிடித்துக் குற்றப்பத்திரிகை ஆக்கியிருக்கிறேன்.

சித்தியைக் கையோடு ஹாலுக்கு இழுத்துவந்து மறுபடி இருட்டாக்கினேன். சமையலறை மஞ்சளைக் கொஞ்சம் கரைத்துத் தரையில் தெளித்து, டோர்ச் அடித்துக் காட்டினேன். ஒரே நிறம். அப்பா குனிந்து பார்த்தார்.

"சரி. அப்ப நாத்தம் எங்கருந்து வருது?"

அதற்கு என்னிடம் அலைநீளம் இல்லை. அம்மா எழுந்தார். விளக்கைப் போட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூக்கை நீட்டியபடி நடந்தார். சாமி அறை வாசலில் நின்றார், பக்கவாட்டில் திரும்பினார், அலுமாரியின் அடியில் காலை விட்டு என் அட்டைப்பெட்டியை வெளியே இழுத்தார். அப்பா பின்னுக்கு நகர்ந்தார்.

வெளியே மழை. உள்ளே ஆழமான பெட்டி, மெத்தென்று கிழித்த காகிதம், ஆள் நடமாட்டமில்லாத மூலை. எந்த மானமுள்ள பூனைதான் வேறு இடம் தேடும்? மேலே காகிதம் பளிச்சென்று இருந்தது. காரியமெல்லாம் கீழே.

"பூனைக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்ததே நீதானா?" என்றார் அப்பா. அந்த மழைக்காலத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். பிறகு சித்தியின் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், "பின்னுக்கு ஒரு தட்டுல மண்ணு போட்டு வைப்போம். பைய உள்ளுக்கு வைம்மா," என்றார்.

 சித்தி அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

பெட்டியை வெளியே கொண்டுபோய் எறிந்தவள் நான்தான், மழை இருட்டில், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. வெளிச்சத்துக்கு மறுகையில் டோர்ச்சும் வைத்திருந்தால் பெட்டியை எதால் பிடிப்பது என்று அந்தத் தாடிக்காரர்கள் எவரும் சொல்லித்தரவில்லை.

இப்போது என் ஒரு சுடிதாரில் பொக்கெட் இருக்கிறது. பழைய ரவிக்கைத் துணியை வெட்டிச் சித்தி தைத்துத் தந்தார். இடது பக்கம் தைத்துவிட்டார், நான் வலதுகைக்காரி. டோர்ச்சின் பாரத்தில் சுடிதார் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது, பஸ்ஸில் ஏறும்போது கம்பியில் இடிக்கிறது. இருந்தாலும் அதையேதான் அடிக்கடி போடுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் தைக்கலாம், எடுத்துக்கொண்டு வா என்றார் சித்தி. அலுமாரியில் இருந்த அத்தனையையும், இனிமேல் போடவே முடியாத பழசுகளையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டேன். பூனை உடனே மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

"இவ்வளவா?" என்றார் சித்தி. ஒன்றை எடுத்துத் தையல் பிரித்துப் பார்த்தார். "ரொம்ப நாள் எடுக்கும். பரவால்ல, இங்கதானே இருக்கேன்."