ஒரு சதவீதக்காரர்

என் பக்கத்து மேசைக்காரர் அலுவலக ஃபிரிட்ஜின் கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்துகிறார். பிறகு மெல்ல இழுக்கிறார். காகிதம் வரமாட்டேன் என்கிறது. "பாத்தீங்களா மேடம், என்னா பிடி! ரப்பர்னா இது ரப்பர்" என்று பெருமூச்சு விட்டபடி தம் மேசைக்குத் திரும்புகிறார். மூன்று வாரமாகத் தினமும் காலையில் இதே கூத்துதான்.

வெளிநாட்டு உதவித் துறையில் இருபத்தாறு வருஷமாகக் கோப்பு தள்ளுகிறவர். காலர் பொத்தான்வரை பூட்டிய சட்டை, காதில் செருகிய பென்சில். பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றாவது ஏழை நாடுகளுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் நாங்கள் வைத்த பெயர் 'ஒரு சதவீதம்'. "நூறுல ஒண்ணு குடுத்தா தேஞ்சா போயிடுவோம்? சொல்லுங்க, தேஞ்சா போயிடுவோம்?" என்று லிஃப்டில் அகப்பட்டவரை விடமாட்டார். எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் ஐந்து மாடி ஏறி வருவது உடம்பைக் குறைப்பதற்காக அல்ல.

அப்பேர்ப்பட்ட வள்ளல், சாப்பாட்டு டப்பாவின் மூடியை நிறுத்தி மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஒரு வாய் கேட்டால், "வீட்ல அளந்துதான் வெச்சிருக்காங்க மேடம்" என்பார்.

பிரிவுத் தலைவருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "முதல்ல நம்ம ரோட்டுக் குழிய மூடுவோம்யா, அப்புறம் உலகத்தைப் பாப்போம்" என்பது தலைவரின் பாட்டு. இருவரும் தொண்டை கட்டச் சண்டை போட்டுவிட்டு, ஒரே கோப்பில் ஒருவர் கீழ் ஒருவர் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்தக் கோப்புகளின் லட்சணத்தைக் கேளுங்கள். போன வருஷம் ஒரு தூரதேசத்தின் கிராம மருத்துவமனைகளுக்கு, தடுப்பூசி மருந்து வைக்க இருநூறு ஃபிரிட்ஜ் அனுப்பினோம். எங்கள் நாட்டுக் கம்பெனியிடம்தான் வாங்கவேண்டும் என்பது விதி. கம்பெனி இருநூற்று ஒன்றாக அனுப்பிவிட்டது. மிஞ்சிய அந்த ஒன்றுதான் இங்கே எங்கள் பால் பாக்கெட்டுகளைக் காக்கிறது.

மூன்று வாரம் முன்பு அங்கிருந்து ஒரு நர்ஸ் கடிதம் எழுதியிருந்தார். ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்துவிட்டதாம், கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களாம். 'அடுத்த மாதம் எண்பது குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டும். மருந்து கெட்டுப்போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஒரே ஒரு ரப்பர் அனுப்பினால் போதும்.'

ஒரு சதவீதம் உருகிப்போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே குறிப்பு எழுதினார்: ஐயாயிரம் ரப்பர், இரண்டு நிபுணர்கள், ரப்பர் பராமரிப்பு பற்றி மூன்று நாள் பயிற்சி முகாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க ஒண்ணுதானே சார் கேட்டாங்க?"

"ஒரு ரப்பருக்கெல்லாம் நம்மகிட்ட ஃபாரமே கிடையாது மேடம். பெருசா கேட்டாத்தான் கையெழுத்து விழும்."

விழுந்தது. ரோட்டுக் குழித் தலைவர், மூன்றாவது நிபுணராகத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ரப்பரும் முகாமும் அடுத்த வருஷமாம். அன்றிலிருந்துதான் நம்மவர் கதவில் காகிதம் வைத்து இழுக்க ஆரம்பித்தார்.

நேற்று இரண்டாவது கடிதம் வந்தது. 'இன்னும் இரண்டு வாரத்தில் மருந்து வந்துவிடும். கயிறு போதவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவர் அதை நாலு தடவை படித்தார். சாயங்காலம் லிஃப்டில் எங்களோடு இறங்கியபோது 'நூறுல ஒண்ணு' பேச்சை எடுக்காமல் கடிதத்தையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

இன்று காலை காகிதத்தை வைத்துச் சாத்தினார். இழுத்தார். வரவில்லை. பால் எடுக்க வந்த தலைவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நம்மவர் கதவை அகலத் திறந்து, மூலையில் நகத்தைக் கொடுத்து, ரப்பரைச் சுற்றிலும் உரித்து எடுத்தார்.

"யோவ், என்னய்யா பண்றே? அத்தனை பாலும் கெட்டுப்போயிடும்யா!"

நம்மவர் ஏற்கனவே விலாசம் எழுதி வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் ரப்பரைச் சுருட்டி வைத்து ஒட்டினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து இரண்டு முழக் கயிற்றை எடுத்துத் தலைவர் கையில் வைத்துவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார்.