ஏமாந்தவர் பட்டியல்

சகாயமேரி டீச்சரிடம் போய் வாட்ஸ்அப்பில் வந்த கதையைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர். “யாரு சொன்னது? எப்ப எடுத்தது? வேற யாராச்சும் சொன்னாங்களா?” என்று துளைத்தெடுத்துவிடுவார். விசாரிக்காமல் செய்தி பரப்பிய பிள்ளையின் பெயர் வகுப்புச் சுவரில் ஒட்டிய ‘ஏமாந்தவர் பட்டியலில்’ ஏறிவிடும். சட்டமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான்!

போன ஆனி மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தார். பூட்டிக் கிடக்கும் தக்காளி மண்டி. ‘பாலக்கோடு மார்க்கெட் நாளை முதல் மூன்று நாள் லீவு.’ ஐயோ, பெற்றோரில் பாதிப் பேர் தக்காளி போட்டவர்களாயிற்றே! பதறிப்போய்ப் பெற்றோர் குழுவில் தட்டிவிட்டார். அந்த மூன்று கேள்வியில் ஒன்றையாவது கேட்டாரா? இல்லை.

அரை மணியில் சோபனாவின் அம்மா குள்ளம்மாள் போன் செய்தார். “டீச்சரம்மா, நல்லவேள சொன்னீங்க. வண்டிய வேண்டாம்னுட்டேன். ஆனா பறிச்ச பழமெல்லாம் வூட்டு முன்னால கெடக்குதுங்க. மூணு நாள் தாங்காதே, என்னங்க பண்றது?”

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பில் சோபனாவைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார். அழப்போனவள், படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தாள்.

“டீச்சர், கதவுக்கு மேல பாருங்க. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. காப்புக் கட்டியிருக்காங்க, பூ வாடக்கூட இல்ல. காப்பு பொங்கலுக்குத்தானே கட்டுவோம்? ஆனி மாசத்துல யாரு கட்டுறது?”

டீச்சர் பாலக்கோடு மண்டிக்காரர் கோவிந்தனுக்கு அங்கேயே போன் போட்டார்.

“லீவா? எவன் சொன்னதுங்க? நாளைக்கும் ஏலம் இருக்குதுங்க!”

குழுவில் போட்டதைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். விரல்கூட அங்கே போய்விட்டது. அழித்துவிட்டால் குள்ளம்மாளுக்கு வண்டி வந்துவிடுமா? முதலில் அவருக்குப் போன் செய்தார். பிறகு குழுவில் தன் குரலிலேயே பேசி அனுப்பினார்: “விசாரிக்காம நான் போட்டது பொய்ங்க. மார்க்கெட் உண்டு. கண்டுபிடிச்சது சோபனா. மன்னிச்சுக்கோங்க.”

சாயங்காலமே வண்டி திரும்பி வந்தது. மறுநாள் பழம் அத்தனையும் விற்றுப்போனது.

அன்று வகுப்பில் டீச்சரே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து சோபனாவிடம் நீட்டினார். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டியலின் மூலையில் டீச்சர் பெயரை எழுதினாள்.

“ஏண்டி இத்தனூண்டு எழுதற? பெருசா எழுது!”

வகுப்பே கைதட்டியது.

பள்ளி விடும் நேரத்தில் குள்ளம்மாள் ஒரு பை தக்காளியோடு வந்தார். “டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. இனிமே நீங்களே சொன்னாலும் சோபனாவ ஒரு வார்த்த கேட்டுட்டுதான் நம்புவேன்.”

“அட, அதத்தாங்க இத்தன வருசமா சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்!” என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.