காரோடு பிறந்த இன்ஜின்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு பளபளத்தாலும், மதிப்பாளர் துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடுதான் அதைச் சுற்றி வருவார். அது தொழில் மரியாதை. இந்தச் சிவப்புக் காரிலும் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை மறைத்துப் பூசிய பட்டி எங்கும் இல்லை. இன்ஜின் நம்பர்தான் இடித்தது.

"இது காரோட பொறந்த இன்ஜின் இல்லையே சார். பாதி விலைதான் போகும்."

காரைப் புதுப்பித்த மெக்கானிக் தலையில் கை வைத்தார். அதை விற்றுத்தான் சொந்தப் பட்டறை வைக்க வேண்டும்.

"பழைய இன்ஜின் இருந்தா முழு விலை சொல்லலாம்" என்றார் மதிப்பாளர்.

"அந்த இரும்புப் பொணமா? தூக்கிப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கொல்லையில என் பூந்தொட்டி அதுமேலதான் உக்காந்திருக்கு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

மதிப்பாளர் தொட்டியை நகர்த்தி, மண்ணைத் துடைத்து நம்பரைப் படித்தார். பொருந்தியது.

"முழு விலைம்மா!"

"பாத்தீங்களா, நான் பத்திரமா வெச்சிருந்ததாலதானே!"

பட்டறை கிடைக்கப்போகிற கணவர் பலமாகத் தலையாட்டினார்.