எத்தனையாவது ரிங்கில் வணக்கம் சொல்வது?

ஒரு தொலைபேசி அடிக்கிறது. எத்தனை ரிங் போன பிறகு அதை எடுக்க வேண்டும்?

சிரிக்காதீர்கள். கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், மகளுக்குத் தலை இழுத்துப் பின்னுகிறேன், முற்றம் கூட்டுகிறேன். விடை இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். ஜெகன், மயிலிட்டியில் கடற்றொழில் செய்கிறவர். நான் கொம்பியூட்டர் படித்துவிட்டு, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். இவருடைய கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு சின்ன அலுவலகம். அதில் ஒரு தொலைபேசி. அதை எடுப்பதற்கு ஒரு செயலாளர் — அருள் அண்ணை.

"ஐஸ் இருக்கோ?" "டீசல் வந்திட்டுதோ?" "இண்டைக்குக் காத்து எப்பிடி?" — நாள் முழுக்க அவருக்கு இதே கேள்விகள்தான். "ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளிச்சுப் போச்சு" என்று சங்கக் கூட்டத்தில் முறையிட்டிருக்கிறார். உடனே இவர் எழும்பி, "என்ரை மனிசி கொம்பியூட்டர் படிச்சவ. அவ ஏதாவது செய்து தருவா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

என்னைக் கேட்காமல்தான்.

செய்யக்கூடிய வேலைதான். லினக்ஸ் சேர்வர் ஒன்றை நிறுவி, அதன் மேல் இணையத் தொலைபேசி மென்பொருள் ஒன்றைப் போட்டால் சரி. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள்; யாரும் எடுத்துப் பாவிக்கலாம், தேவைக்கேற்பத் திருத்தலாம். வங்கிக்கு அழைப்பு எடுத்தால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று ஒரு குரல் சொல்லுமே... அதுவேதான். ஒன்றை அழுத்தினால் கடல் நிலவரம். இரண்டு என்றால் ஐஸ், டீசல். மூன்றை அழுத்தினால் மட்டும் அருள் அண்ணையின் மேசைத் தொலைபேசி அடிக்கும்.

சங்கத்தின் பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து குசினியில் சமையல் மேசை மேல் வைத்தேன். சேர்வர் லினக்ஸில் படம் கிடையாது, மவுசுக்கு வேலை கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோடு. 'இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். தொடரவா?' என்று அது கேட்டது.

நான் யார், துணிந்து ஆம் என்று சொல்ல? சங்கத்தின் கோப்புகளை ஏற்கெனவே பென் டிரைவில் பிரதி எடுத்திருந்தேன். அது பழுதானால்? இன்னொன்றிலும் எடுத்தேன். இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அழுத்தினேன்.

பாதி வழியில் மகள் ஆரணி வந்தாள். மூன்று வயது. கொம்பியூட்டரில் நீலமாக மினுங்கிய பொத்தானை ஆசையோடு ஒரு அழுத்து. திரை செத்தது.

மீண்டும் முதலிலிருந்து. இந்த முறை பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர்.

அதைவிடக் கஷ்டம் குரல் பதிவு. 'அழுத்தவும்' என்பதா, 'அழுத்துங்கோ' என்பதா? 'வணக்கம்' போதுமா, 'அன்பான வணக்கம்' வேண்டுமா? அதிகாரமாக இருக்கக்கூடாது, கெஞ்சவும் கூடாது. கடைசியில் எனக்கே பிடித்த ஒரு பதிவு கிடைத்தது — பின்னால் மெல்லிதாக "அம்மா, பிஸ்கட்" என்று ஆரணி கேட்பதைத் தவிர. யாருக்கும் கேட்காது என்று விட்டுவிட்டேன்.

அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். நான் எழுதிய முதல் வரி: முதல் ரிங்கிலேயே எடு. தொலைபேசி அடித்ததும் எடுப்பதுதானே மரியாதை? எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், சந்தேகப்பட வேண்டிய ஒரே வரியை விட்டுவிட்டேன்.

வள்ளங்கள் கடலுக்குப் போய்விட்ட ஒரு பின்னேரம் அலுவலகத்தில் கொண்டுபோய்த் தொலைபேசி இணைப்போடு பூட்டினேன். அருள் அண்ணைக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த நாள் காலை வாடைக்காற்று கொஞ்சம் வேகமாக இருந்தது. வழக்கமாக இவர் கரைக்கு வரும் நேரம் தாண்டியது. அவரது கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பதில் பிரயோசனமில்லை. அது பொலித்தீன் பைக்குள் சுற்றியபடி வள்ளத்தின் மூலையில் கிடக்கும். அதனால் என்றும் போல அலுவலகத்துக்கு எடுத்தேன். "ஓம் பிள்ளை, வந்திட்டான்" என்று, கரை சேர்ந்தவர்களின் பெயர் எழுதிய கரும்பலகையைப் பார்த்து அருள் அண்ணை சொல்லுவார், நான் உலையை வைப்பேன். அதுதான் எங்கள் வீட்டுக் காலை.

"வணக்கம். கடல் நிலவரத்தை அறிய ஒன்றை அழுத்தவும்..."

நான்தான் பேசுகிறேன். எவ்வளவு அமைதியாக, எவ்வளவு கவலையில்லாமல் பேசுகிறேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்றை அழுத்தினேன். "தயவுசெய்து காத்திருக்கவும். உங்களுக்கு முன் வேறு அழைப்புகள் உள்ளன" என்றேன் நான். மற்ற வீட்டுப் பெண்களும் அழைப்பு எடுக்கிறார்கள் போல.

காதுக்குள் "அம்மா, பிஸ்கட்." பக்கத்தில் நின்று சட்டையை இழுத்தபடி ஆரணியும், "அம்மா, பிஸ்கட்."

கடைசியில் அருள் அண்ணை எடுத்தார். குரல் சரியில்லை.

"பிள்ளை, பலகையிலை ஒரு பேரும் இல்லை. இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

"ஒருத்தருமோ அண்ணை?"

"ஒருத்தரும் இல்லை."

பிள்ளையை ஸ்கூட்டியில் முன்னுக்கு நிறுத்திக்கொண்டு துறைமுகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நேர்த்தி வைத்தது மட்டும் ஞாபகம். ஒரு கோயிலுக்கில்லை... வழியில் கண்ட எல்லாவற்றுக்கும்.

துறைமுகத்தில் வள்ளங்கள் எல்லாம் வரிசையாகக் கட்டியிருந்தன. வலையில் மீன் கழற்றிக்கொண்டு இருந்தார்கள். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் வந்தனீர்? பிள்ளைக்கு ஒரு தொப்பியும் போடாமல்."

"வந்ததை அறிவிக்கேல்லையே நீங்கள்?"

"மிஸ்கோல் குடுத்தனான்தானே. ஆரோ ஒரு பொம்பிளை எடுத்தா. பிழையான நம்பர் எண்டு கட் பண்ணிட்டன்."

"அது நான்."

"எது?"

"அந்தப் பொம்பிளை நான்தான்."

கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டார். "உம்மடை குரல் வீட்டிலை உப்பிடி இல்லையே."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகுதான் எனக்கு முழுக்கதையும் விளங்கியது. கரை சேர்ந்ததும் ஒவ்வொரு வள்ளக்காரரும் அலுவலகத்துக்கு ஒரு மிஸ்கோல் தருவார். ஈரக் கை, பொலித்தீனுக்குள் போன். கதைக்க முடியாது, ஒரு பொத்தானைத்தான் அழுத்த முடியும். துறைமுகத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற அருள் அண்ணை, அடித்து நின்ற இலக்கத்தைப் பார்த்துக் கரும்பலகையில் பெயரை எழுதுவார். இதைத்தான் அன்று என் சேர்வர், முதல் ரிங்கிலேயே மரியாதையாக எடுத்து எடுத்துக் கெடுத்திருக்கிறது.

எல்லாரிலும் மூத்தவரான சூசை அண்ணை மட்டும் மனத்தாங்கலோடு நின்றார். "நான் உவையளைப் போலை கட் பண்ணேல்லை பிள்ளை. 'ஓம், வந்திட்டம், பலகையிலை எழுதிவிடும்' எண்டு வடிவாச் சொன்னனான். நீர் அதைக் கேளாமல் ஒண்டை அழுத்து, ரெண்டை அழுத்து எண்டு கொண்டு நிண்டனீர்."

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய?

அலுவலகத்துக்குப் போய், "மிஸ்கோல் விஷயத்தை ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். அருள் அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பிள்ளை."

ஒருவர் எடுக்காமல் விடுவார் என்ற நம்பிக்கையில் இன்னொருவர் அடிக்கிறார். நாங்கள் பாதிச் செய்திகளை அப்படித்தானே அனுப்புகிறோம்? எந்த மென்பொருளின் உதவிக் குறிப்பிலும் இது இல்லை.

அன்றே திருத்தினேன். வள்ளக்காரர்களின் இலக்கம் வந்தால் சேர்வர் இப்போது எடுக்காது. அடித்து நின்றதும் அந்த வள்ளத்தின் பெயர் திரையில் விழும். அருள் அண்ணை அதைப் பார்த்து, இன்னமும் கரும்பலகையில்தான் எழுதுகிறார். எழுதட்டும்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் இவர் கேட்டார்: "எஞ்சின் நிண்டு ஆராவது உதவிக்குக் கோல் எடுத்தால்? அப்பவும் உம்மடை மெசின் பேசாமல் இருக்குமோ?"

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆம், இருக்கும். நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.

சரி, சில ரிங் பொறுத்து, பிறகும் நிற்காவிட்டால் அருள் அண்ணையின் தொலைபேசிக்கு அனுப்பலாம். எத்தனை ரிங்? மூன்று போதும் என்கிறார் இவர். ஆனால் சூசை அண்ணைக்குப் பொலித்தீனுக்கு மேலால் சிவப்புப் பொத்தானைத் தேடிப் பிடிக்கவே ஐந்து ரிங் போய்விடும்; நல்லபடி கரை சேர்ந்தவரும் உதவி கேட்பவராகிவிடுவார். எட்டு என்று வைத்தால், எஞ்சின் நின்றவனுக்கு அந்த எட்டு ரிங்கும் எவ்வளவு நீளமாக இருக்கும்? ஆறு என்று வைத்தேன். அடுத்த நாள் ஐந்தாக்கினேன். பிறகு திரும்பவும் ஆறு. "பிள்ளை, ஒரு இடத்திலை நிண்டால் நல்லது" என்கிறார் அருள் அண்ணை.

நிற்கத்தான் தெரியவில்லை. வாசகர்களே, உங்களில் கடலுக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். போனவரைப் பார்த்துக்கொண்டு கரையில் இருப்பவர்களும் இருப்பீர்கள். எத்தனை ரிங்கில் எடுப்பது? காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

தயவுசெய்து மிஸ்கோல் மட்டும் தந்துவிடாதீர்கள்.